இரண்டாவது பொயின்ட் கார்ட் யாரோ ஒருவன் இல்லை

மூன்று நாளாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் எங்கள் கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம் எப்படிக் கைவிட்டுப் போனது என்று எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நேற்றிரவு எங்கள் வட்ஸ்அப் குரூப்பில் கொமிட்டிக்காரர் ஒருவர், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பொயின்ட் கார்டுக்கு மாற்றாக நிற்கிற ஆளைப் பற்றி, "பெக்அப் பொயின்ட் கார்ட்தானே, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்ல ஆளாக எடுப்போம்" என்று எழுதியிருந்தார். அதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

காசு போட்டு. இப்போதும் காசுதானா பிரச்சினை?

எங்கள் முதல் ஆள் ஐந்தாவது பவுலோடு வெளியே வந்தபோது நாங்கள் ஆறு புள்ளி முன்னுக்கு நின்றோம். உள்ளே போன தம்பி கொழும்பிலிருந்து அன்று விடியத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியவர். அவரில் எனக்குக் கொஞ்சமும் கோபம் இல்லை. தனியாக விட்டால் எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பந்து போடுவார். ஆனால் நாங்கள் இரண்டு விரலை மடக்கிக் காட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எதிரணி கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிக்கிற புல் கோர்ட் பிரஸ் போட்டதும் எங்கள் உயரமான பொடியன் எந்தப் பக்கம் ஓடிவந்து பந்து கேட்பான் என்று எப்படித் தெரியும்? 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். இரண்டு தடவை தாண்ட முடியவில்லை. மூன்றாவது தடவை பந்தே பறிபோனது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நான் ஜனவரியிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வருகிறேன். கையில் காசு குறைவாக இருக்கிற கழகம் இரண்டாவது பொயின்ட் கார்டைக் கடைசி வாரத்தில் தேடக் கூடாது. ஆறு மாதம் முன்னால் தேட வேண்டும். நம்மோடு பயிற்சி எடுக்கிறவர்களுக்குள்ளேயே தேட வேண்டும்.

அவனிடம் எதைப் பார்ப்பது என்பதிலும் எங்களுக்குத் தெளிவில்லை. 40 நிமிட ஆட்டத்தில் முதல் ஆள் முப்பது, முப்பத்திரண்டு நிமிடம் நிற்பான். மிச்சம் எட்டோ பத்தோ நிமிடம். அந்த நேரத்தில் இவன் புள்ளி குவிக்கத் தேவையில்லை. பந்தைத் தொலைக்காமல் அங்கால கொண்டுபோக வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், தன்னுடைய ஆளை விடாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். புள்ளி அடிக்கிறவனுக்குத்தான் எல்லாரும் விலை பேசுகிறார்கள். பந்தைத் தொலைக்காதவனை ஒருவரும் கேட்பதில்லை. காசில்லாத நாங்கள் அவனைத்தானே பிடிக்க வேண்டும்?

அப்படி ஒருவன் எங்களிடம் இருந்தான். மூதூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பொடியன். யாரைச் சொல்கிறேன் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். பந்தைத் தட்டும்போது அவன் பந்தைப் பார்ப்பதே இல்லை. கண் முழுக்க எதிரே நிற்கிறவனின் இடுப்பில்தான் இருக்கும். இடக்கையும் வலக்கையும் ஒரே மாதிரி. வலது சப்பாத்தின் முன்பக்கம் வாய் பிளந்து, தடித்த வெள்ளை நூலால் வீட்டிலேயே தைத்திருப்பான். பயிற்சி முடிந்ததும் முதல் வேலையாக அந்தத் தையலைத்தான் தடவிப் பார்ப்பான்.

அவனுக்குக் கிழமையில் மூன்று நாள் பஸ் காசும் ஒரு சோடி சப்பாத்தும் கேட்டேன். பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். சரி என்று நான்கு மாதம் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். பிறகு போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது வெளியாளுக்குப் போக்குவரத்து, அறை, சாப்பாடு, கைக்காசு என்று எல்லாவற்றுக்கும் இடம் வந்துவிட்டது. கணக்கைப் பார்த்தேன். அந்த ஒரு நாள் செலவில் மூதூர்ப் பொடியன் ஒரு வருடம் வந்துபோயிருக்கலாம்.

இனி, எனக்கு வரப்போகிற பதில்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடிய ஜெரமி லின்னைக் காட்டி, கடைசி நேரத்தில் மலிவாக எடுத்த ஆள் கலக்கவில்லையா என்று ஒருவர் கேட்பார். 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் அவரைக் கழற்றிவிட்டன. காயத்தால் ஆள் குறைந்திருந்த நியூயோர்க் நிக்ஸ் மாத முடிவில் அவரைச் சேர்த்துக்கொண்டது. உண்மைதான். ஆனால் அவர் நெட்ஸ் அணிக்கு எதிராக 25 புள்ளி எடுத்தது 2012 பெப்ரவரி 4ஆம் திகதி. நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த வாரங்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார், ஆனால் அந்த அணியோடு இருந்தார். நாங்கள் கொடுத்தது ஐந்து மணித்தியாலம்.

பொடியன் கட்டை என்பார்கள். 2011இல் அதே என்பிஏயில் டலஸ் அணி சம்பியன் ஆனபோது இறுதித் தொடரின் கடைசி மூன்று ஆட்டங்களையும் தொடங்கிய ஹோசே பரேயா ஆறடி கூட இல்லை. அணிகள் புது ஆட்களைத் தெரிவுசெய்கிற ட்ராப்டில், 2006இல், அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. ஸ்பொன்சர் பெயருள்ள ஆளைத்தான் கேட்டார் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்று என்னை உண்மையாகவே சுட்டது. "உங்களுக்குச் சொந்தக்காரப் பொடியன் போல, அதுதான் இவ்வளவு துடிக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னிடம் பழகிய தம்பிதான் அவரும். பொடியன் எனக்கு ஒரு வழியிலும் உறவில்லை. அவன் வீடு எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத பிள்ளைக்காக ஒருவன் கதைக்கவே மாட்டானா? இருபது வருடமாக இந்தக் கோர்ட்டில் நிற்கிறேன், என்னைப் பற்றி இவ்வளவுதான் விளங்கியதா?

நான் துடிக்கிறேன்தான். ஏனென்றால் நானும் இரண்டாவது பொயின்ட் கார்ட்டாகவே இருந்து முடித்தவன். மூன்று வருடம் பெஞ்சின் அந்தத் தொங்கலில் இருந்தேன். என்னைப் பழக்கிய மாஸ்டர் ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி இருபது நிமிடம் என்னை முதல் அணியோடு ஓடவிடுவார். ஆட்டத்தில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நீ போட வேண்டாம், குடு" என்று மட்டும் சொல்லி முதுகில் தட்டி அனுப்புவார். அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. ஐந்து பேரும் எங்கே நிற்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அந்த மாஸ்டர் ஹேபியர் பாதரிடம் பழகியவர். அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைப் பாதர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குப் போகிற வழியில் காணாமல் போனார், இன்றுவரை இல்லை. மாஸ்டர் அவரைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். யாரையும் காசுக்கு வாங்கியா இந்த ஊரில் இந்த விளையாட்டு வளர்ந்தது? வந்த பிள்ளையை நிற்க வைத்துப் பழக்கித்தானே வளர்ந்தது?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொடியன் பன்னிரண்டாவது ஆளாகப் பெஞ்சில் இருந்தான். எங்கள் முதல் ஆள் வெளியே வந்தபோது அவன் தானாகவே எழும்பி ரீசேர்ட்டைக் கழற்றத் தொடங்கினான். கழுத்து வரைக்கும் கழற்றியவன், மற்றவரை உள்ளே அனுப்பியதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில்தான் நான் இருந்தேன். ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. போன் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. நாளைக்குப் பின்னேரம் மூதூர் பஸ் வருகிற நேரம் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். கொமிட்டியில் யாராவது வர விரும்பினால் வாருங்கள். அவனுடைய சப்பாத்து அளவு ஏழு.