மிக்சர் குழாய் போடும் ஓலம்

சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் பாத்ரூம் வாஷ்பேசின் மிக்சரைத் திறந்தாலே 'ஊ...ங்' என்று ஓர் ஓலம். பாதி திறந்தால் இன்னும் மோசம், சுவரே அதிர்கிறது. விடியற்காலையில் யாராவது பல் தேய்க்கப் போனால் வீடு மொத்தமும் எழுந்துவிடும்.

பிளம்பர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "மொத்தமா மாத்திடுங்க சார்" என்கிறார். எதற்கு மாற்ற வேண்டும்? பித்தளை உடம்பு, இன்னும் பல வருஷம் உழைக்கும். ஒற்றைக் கைப்பிடி மிக்சரில் கார்ட்ரிஜ், அதாவது கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் உருளை, தேய்ந்தாலோ, போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வழி குறுகினாலோ இப்படித்தான் கத்தும். கார்ட்ரிஜை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் அந்தச் சின்ன சாமான் கடையில் கிடைக்க வேண்டுமே! 35 மி.மீ., 40 மி.மீ. என்று அளவு பார்த்து வாங்கினாலும் அடியில் இருக்கும் முளை பொருந்தாது, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கடைக்காரர் புது மிக்சரைத்தான் எடுத்து நீட்டுகிறார். குழாயை ஊரெல்லாம் விற்கத் தெரிந்தவர்களுக்கு அதன் உதிரிபாகத்தையும் அதே கடையில் வைக்க என்ன கேடு? நல்ல பித்தளையை எடைக்குப் போடச் சொல்வது அநியாயம்.

இப்போதைக்கு ஆங்கிள் காக்கை, பேசினுக்குக் கீழே சுவரில் இருக்கும் சின்ன அடைப்புக் குழாயை, கொஞ்சம் மூடி வைத்திருக்கிறோம். சத்தம் குறைந்திருக்கிறது, தண்ணீரும்தான்.