ஷெரிப்பும் சாராயக்காரனும் எதிரிகள் இல்லை

அமெரிக்கத் தெற்கைப் பற்றிய படமோ தொடரோ எதை எடுத்தாலும் அந்த ஆள் வந்துவிடுவான். தொப்பி, ஜீன்ஸ், பிக்கப் வண்டி, ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாய். படிப்பு கொஞ்சம், பாசம் அதிகம். நண்பனுக்கு ஒன்றென்றால் நடுராத்திரியில் வண்டியை எடுப்பான். சட்டம் கொஞ்சம் வளைந்தாலும் பரவாயில்லை என்பான். 'குட் ஓல்ட் பாய்' என்று அங்கே சொல்வார்கள். அவனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவனைத் திரையில் காட்டும் விதத்தில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. திரையில் அவன் எப்போதும் அதிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறான். நிஜத்தில் அவனேதான் அதிகாரம், அல்லது அதிகாரத்துக்கு மச்சான் முறை.

இந்தப் பிம்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1979 ஜனவரி முதல் 1985 வரை சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொடர். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கற்பனைக் கவுண்டி. (கவுண்டி என்றால் நம் தாலுகா போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போலீஸ் தலைவரான ஷெரிப்பையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தாலுகா.) சாராயம் கடத்திப் பிடிபட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருக்கும் போ, லூக் என்ற இரண்டு இளைஞர்கள் கதாநாயகர்கள். துப்பாக்கி தொடக் கூடாது என்பதால் கையில் வில் அம்பு. எதிரே வெள்ளை சூட் போட்ட கவுண்டி கமிஷனர் பாஸ் ஹாக். ஷெரிப் ராஸ்கோ அவருடைய மனைவிக்குச் சகோதரன். இளைஞர்கள் ஓட்டும் ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜருக்கு 'ஜெனரல் லீ' என்று பெயர், கூரையில் உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடி. லீ அவர்களுடைய தளபதி. கதவுகளைப் பற்றவைத்து மூடியிருப்பதால் ஜன்னல் வழியே குதித்துத்தான் ஏற வேண்டும். முன்னால் எஞ்சின் கனம் என்பதால், தாவும்போது மூக்கு குத்தாமலிருக்க டிக்கியில் பாரம் ஏற்றுவார்கள். அப்படியும் தரையில் விழும் வேகத்தில் வண்டியின் உடம்பு வளைந்துவிடும், அநேகமாகத் தாவலுக்கு ஒரு வண்டி காலி. மொத்தம் சுமார் 300 வண்டிகள் போயின.

அந்தத் தொடரிலேயே உண்மை ஒரு ஓரமாகக் கிடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. அந்த இளைஞர்களை வளர்த்த பெரியவர் ஜெஸ்ஸியும் பாஸ் ஹாக்கும் வாலிபத்தில் ஒரே காலத்தில் சாராயம் கடத்தியவர்கள். இருபது வயதில் ஸ்டியரிங் பிடித்தவன் ஐம்பது வயதில் கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தலைமுறைதான் வேறே தவிர, வட்டம் ஒன்றுதான்.

திரைக்கு வெளியே அந்தச் சாராய வியாபாரம் எப்படி நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1951 முதல் 1985 வரை அமெரிக்க மத்திய அரசின் மது வரி, பாதிக்குப் பாதி ஆல்கஹால் உள்ள ஒரு காலனுக்கு 10.50 டாலர். ஒரு காலன் ஏறக்குறைய 3.8 லிட்டர். காட்டுக்குள் ஓடையோரம் மக்காச்சோளமும் சர்க்கரையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சினால் அந்த வரி முழுக்க லாபம். நூறு காலனுக்கு மேல் பின்னால் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஸ்பிரிங்கைக் கூடுதலாகப் போட்டு விறைப்பாக்குவார்கள். அதில் வேறு சிக்கல்: சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், விவரம் தெரிந்த அதிகாரி அதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வார்.

துரத்தியவர்கள் மத்திய அரசின் வரி அதிகாரிகள். உள்ளூர் ஷெரிப்புக்கு எந்த ஓடையில் யார் காய்ச்சுகிறார் என்பது தெரியும், பல இடங்களில் அதற்கான மாமூலும் வரும். 1935இல் வர்ஜீனியாவின் ஃபிராங்க்ளின் கவுண்டி சதி வழக்கில் இது நீதிமன்றத்துக்கே வந்தது. காய்ச்சுகிறவர்களிடம் பாதுகாப்புப் பணம் வசூலித்ததாகக் கவுண்டியின் ஷெரிப் அலுவலக ஆட்களும், அரசு வழக்கறிஞரும்கூடக் குற்றம் சாட்டப்பட்டார்கள். பலர் தண்டனை பெற்றார்கள், வழக்கறிஞர் விடுதலையானார். பணம் கட்டியவன் நிம்மதியாகக் காய்ச்சினான், கட்டாதவன் வீட்டில் ரெய்டு. ஷெரிப் துரத்தும் காட்சிக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு.

'ஒருவருக்கும் தீங்கில்லாத பையன்கள்' என்பதும் சரியில்லை. செம்புக் குழாய் வாங்கக் காசு மிச்சம் பிடித்து, பழைய கார் ரேடியேட்டர் வழியே ஆவியைக் குளிரவைத்தவர்கள் ஏராளம். ரேடியேட்டரின் இணைப்புகள் ஈயத்தால் பற்றவைத்தவை. அந்த ஈயம் சாராயத்தில் இறங்கி, குடித்தவருக்கு வயிற்றுவலி, ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி. 1951 அக்டோபரில் அட்லாண்டாவில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி மெத்தனால் கலந்து விற்ற சரக்கைக் குடித்து 35 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். மெத்தனால் என்ன செய்யும் என்று கள்ளக்குறிச்சிக்குப் பிறகு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூனியர் ஜான்சன். வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டிக்காரர். அப்பாவின் சாராயத்தை ராத்திரியில் ஓட்டி, மலைச்சாலையில் கற்ற வேகத்தை நாஸ்கார் என்ற அமைப்பு நடத்தும் கார் பந்தயத்துக்குக் கொண்டுபோனவர். சாலையில் ஒருமுறைகூட அவரைப் பிடிக்க முடியவில்லை. 1956இல் அப்பாவின் ஊறலடுப்பில் வைத்துத்தான் பிடித்தார்கள், 11 மாதம் சிறை. பந்தயத்தில் மொத்தம் 50 வெற்றிகள், 1960 டேடோனா 500 என்ற பெரிய பந்தயம் உட்பட. 1986இல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். டாம் உல்ஃப் 1965இல் 'எஸ்குவயர்' பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதிய கட்டுரைதான் 'குட் ஓல்ட் பாய்' என்ற பேச்சைத் தெற்குக்கு வெளியே பரப்பியது.

வெண்டல் ஸ்காட். வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர். ராணுவத்தில் மெக்கானிக், பிறகு டாக்ஸி, ராத்திரியில் சாராயம். கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநர் வேண்டும் என்று பந்தயம் நடத்துபவர்கள் போலீஸைக் கேட்டபோது, போலீஸ் சொன்ன பெயர் இவருடையது. அவர்களைத் திணற வைத்த ஆள் அல்லவா! அதே சரக்கு, அதே ராத்திரி, அதே திறமை. 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருக்கிறார். கொடி அசைத்து வெற்றி அறிவித்ததோ பின்னால் வந்த பக் பேக்கருக்கு. கோப்பையும் மேடை மரியாதையும் அவருக்கே. சில மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்தபின், 'சுற்றை எண்ணியதில் பிழை' என்று சொல்லிப் பணத்தை ஸ்காட்டிடம் கொடுத்தார்கள். வெற்றி மேடையில் வெள்ளைக்காரப் பெண் ஒரு கறுப்பருக்கு முத்தம் கொடுக்கும் காட்சிக்குப் பயந்தார்கள் என்பதே ஸ்காட் தரப்பு கடைசிவரை சொன்னது. அவர் 1990இல் இறந்தார். நாஸ்கார் அவருடைய குடும்பத்துக்குக் கோப்பை கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

அன்று ஸ்காட் ஓட்டிய செவர்லே, நெட் ஜாரெட் என்ற வெள்ளைக்கார ஓட்டுநரிடமிருந்து வாங்கியது. இதை வேண்டுமென்றே சொல்கிறேன். தனி மனிதர்களிடம் நல்ல மனசு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தனிப்பட்ட நல்ல மனசு சுற்று எண்ணும் மேஜை வரை போகவில்லை. அங்கே வேண்டியவன், வேண்டாதவன் என்ற கணக்குதான் நடந்தது.

அந்தக் கணக்கு நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டி. 1964 ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று சிவில் உரிமைத் தொண்டர்களைத் துணை ஷெரிப் செசில் பிரைஸ் அதிவேகமாக ஓட்டினார்கள் என்று பிடித்து அடைத்தார். ராத்திரி விடுதலை செய்தார். வழியிலேயே மறித்துக் கொன்றார்கள். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து உடல்களை எடுத்தார்கள். அந்த டிசம்பரில் வழக்குக்காக வந்து உட்கார்ந்த ஷெரிப் லாரன்ஸ் ரெய்னியின் புகைப்படம் ஒன்று உண்டு. கால் மேல் கால், கன்னம் புடைக்க அடக்கிய மெல்லும் புகையிலை, கையில் அந்தப் பொட்டலம், பக்கத்தில் பிரைஸ், முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தொடரில் வரும் கோமாளி ஷெரிப்பை என்னால் ரசிக்க முடியவில்லை. சுற்றிலும் தன் ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்ற நிச்சயம் அந்தச் சிரிப்பில் தெரிகிறது.

1967இல் பிரைஸ் உட்பட ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ரெய்னி விடுதலை. கொலைக்கு ஆள் திரட்டிய பாதிரியார் எட்கர் ரே கில்லன் விஷயத்தில் ஜூரி 11க்கு 1 என்று பிரிந்தது. அந்த ஒருவர், ஒரு பாதிரியாரைக் குற்றவாளி என்று சொல்ல மனம் வரவில்லை என்றார். இதைத்தான் நாம் முகதாட்சண்யம் என்கிறோம். கில்லனுக்குத் தண்டனை கிடைக்க 2005 ஆயிற்று.

கொலை வழக்குகள் அபூர்வம். அன்றாடம் நடப்பது சரளைக்கல்லும் குழாயும். மிசிசிப்பியில் 82 கவுண்டிகள், கவுண்டிக்கு ஐந்து சூப்பர்வைசர்கள், அதாவது ஓட்டில் ஜெயித்துக் கவுண்டி நிர்வாகத்தை நடத்துபவர்கள். 'பீட்' முறையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி, தனி ஆட்கள், தனி இயந்திரங்கள், தனிக் கொள்முதல். சாமான் வேண்டும் என்று ஆர்டர் போடுபவர், வந்து சேர்ந்தது என்று கையெழுத்திடுபவர், பில்லைப் பாஸ் செய்ய ஓட்டளிப்பவர் எல்லாம் அவரே. ஒரு பாட்டி வீட்டுப் பாதை சேறாகிவிட்டது என்றால் கவுண்டி லாரியில் சரளை வந்து இறங்கும். சட்டப்படி பொதுச்சொத்தைத் தனியார் இடத்தில் கொட்டக் கூடாது. ஆனால் பாட்டி வீட்டில் நாலு ஓட்டு. 'நல்ல மனுஷன்' என்ற பேர் அப்படி லோடு லோடாகச் சம்பாதித்தது.

இதில் காசு எப்படிப் போனது என்பதை 1980களில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் 'ஆபரேஷன் பிரிடென்ஸ்' வெளியே கொண்டுவந்தது. லஞ்சம் கொடுக்க மறுத்த ஒரு குழாய் வியாபாரி புகார் சொன்னார், அவர் ஒரு பாதிரியாரும்கூட. எஃப்பிஐ பொய்யாக ஒரு குழாய் கம்பெனியைத் தொடங்கி, ஏஜென்டுகளை விற்பனையாளர்களாக அனுப்பியது. சாலைக்குக் குறுக்கே தண்ணீர் போகப் பதிக்கும் குழாய்க்கு வழக்கமான கமிஷன் பத்து சதவீதம். அதைவிடச் சுலபமான வழி, சாமானே வராத பில். வந்ததாகச் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவார், கவுண்டி பணம் கொடுக்கும், இருவரும் பாதிப் பாதி. 26 கவுண்டிகளைச் சேர்ந்த 57 சூப்பர்வைசர்கள் மாட்டினார்கள். சக்கரைப் பேச்சும் முதுகில் தட்டுவதுமாக, ஊரே நேசித்த ஆட்கள்.

1988இல் சட்டம் மாறியது. கொள்முதலுக்கு ஒருவர், வந்ததைச் சரிபார்த்து வாங்க ஒருவர், இருப்புக் கணக்குக்கு ஒருவர் என்று மூன்று எழுத்தர்கள் வந்தார்கள். சாலைகளைக் கவுண்டி முழுக்க ஒரே நிர்வாகியின் கீழ் கொண்டுவரும் 'யூனிட்' முறையை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்வு செய்யலாம் என்றார்கள். என்னைக் கேட்டால் தெற்கில் அந்த வட்டத்துக்கு எதிராக நடந்த உருப்படியான வேலைகளில் இது ஒன்று. யாருடைய குணத்தையும் திருத்தப் பார்க்கவில்லை. ஒரு கையிலிருந்த மூன்று கையெழுத்தை மூன்று கைக்குப் பிரித்தார்கள், அவ்வளவுதான். மூவரும் உறவுக்காரர்களாக இருந்தால் இதுவும் பலிக்காது. அதனால் நியமனத்தையும் பார்க்க வேண்டும்.

யூனிட் முறையை எதிர்த்தவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள்: 'இப்போது என் சூப்பர்வைசரின் வீட்டுக்கே போன் போட்டு, சாலை உடைந்துவிட்டது என்று சொல்கிறேன். நாளைக்கு எந்த ஆபீஸில் போய் நிற்பேன்?' இது பொய்யான கவலை இல்லை. ஆபீஸ் என்றாலே அலைச்சல் என்பது எந்த நாட்டு ஏழைக்கும் தெரியும். ஆனால் அந்த போனை எடுக்கவே தயங்கியவர்களும் அதே கவுண்டியில் இருந்தார்கள். மிசிசிப்பியில் 1965க்கு முன்பு கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலானோருக்கு ஓட்டே இல்லை. ஓட்டு இல்லாத வீட்டுக்குச் சரளை கொட்டச் சூப்பர்வைசருக்கு என்ன அவசியம்? எந்தச் சாலை எத்தனை மோசம், எது முதலில், எது அடுத்தது என்று ஒரு பட்டியல் போட்டு, கவுண்டி அலுவலகச் சுவரில் ஒட்டினால் சூப்பர்வைசரின் தொலைபேசி எண் தெரியாதவரும் தன் தெரு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், முன்னால் இருப்பது ஏன் என்றும் கேட்கலாம்.