கேக் வெட்டும் கவுன்சிலரும் பிளவுஸ் தைக்கும் நாளும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் ஃபிளெக்ஸ் போர்டுகளில் கவுன்சிலர்களின் தலைக்கு மேல் நட்சத்திரம் முளைத்துவிடும். 'சமத்துவ கிறிஸ்துமஸ் விழா' என்று ஒரு மேடை, பத்துக் கிலோ கேக், வரிசையில் நிற்கிற விதவைத் தாய்மார்கள், ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு சேலை, மறுநாள் பேப்பரில் படம். விழாவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு கவுன்சிலருக்கு டிசம்பரில் இருக்கும் வேலைகளில் கேக் வெட்டுவது ஆகக் கடைசி. அதை முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சேலையில் இருந்தே தொடங்கலாம். 22-ம் தேதி மேடையில் கொடுக்கிற சேலையை எந்த அம்மாவும் 25-ம் தேதி ஆலயத்துக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது. ஓரம் அடிக்க வேண்டும், ஃபால்ஸ் வைக்க வேண்டும், பிளவுஸ் தைக்க வேண்டும். டிசம்பர் 10 தாண்டினால் நம்மூர்த் தையல்காரர்கள் புதுத்துணி வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள். ஆக அந்தச் சேலை பீரோவுக்குள் போகும், அந்த அம்மா பழைய சேலையில் பூசைக்குப் போவார். கொடுப்பதென்றால் நவம்பர் கடைசி வாரத்தில் கொடுங்கள், தையல் கூலியையும் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். குழந்தைகளுக்கு ஒரே அளவில் ஐம்பது சட்டை எடுத்து அடுக்குவது அதைவிட மோசம். எட்டு வயதுப் பையனுக்குத் தோள் இறங்கும், பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பட்டன் போடவே வராது. வார்டிலேயே இருக்கிற ஜவுளிக்கடையில் பேசி, கூப்பன் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தாங்களே போய் அளவு பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

யாருக்குக் கொடுப்பது? கட்சி பூத் கமிட்டி லிஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். கத்தோலிக்கப் பங்கு என்றால் அன்பியம் அன்பியமாக, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களாக, குடும்பங்கள் பிரிந்திருக்கும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அன்பியத் தலைவிக்குத் தெரியும். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் ஏற்கெனவே சில வீடுகளுக்கு மாதாமாதம் கொடுத்து வருவார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று அரிசிப்பை போய், பக்கத்து வீடு விட்டுப்போகிற கூத்து நடக்காது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம் சபை ஊழியரைக் கேளுங்கள். அப்புறம், பசி ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவதில்லை. அதே தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் வீடுகளை விட்டுவிட்டால் 'சமத்துவ' என்ற சொல்லைப் போர்டில் இருந்து அழித்துவிடலாம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, கேமரா இல்லாமல், வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். மேடையில் ஏறி நின்று பை வாங்குவதற்கு அந்த அம்மாக்கள் எவ்வளவு கூசுகிறார்கள் என்பது படத்தில் தெரியாது.

காசு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு கேள்வி. 2023 ஜூலையில் இருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. மாமன்றப் பணத்தில் கேக் வாங்க முடியாது. அப்படியானால் முந்நூறு அரிசிப்பைக்கு யார் பணம் கட்டியது? பெரும்பாலும் ரோடு கான்ட்ராக்டர். டிசம்பரில் அரிசி கொடுத்தவர் ஜனவரியில் பில்லோடு வருவார், பிப்ரவரியில் போட்ட தார் ஜூன் சாரலிலேயே பெயரும். வசதி இல்லாத கவுன்சிலர் இருபது வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும், யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டு வாங்கி, மார்ச் 2-ல் பதவி ஏற்றவர்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் கேக்கின் எடை கூடும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். விதிப்படி பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம், கூட்ட வேண்டிய நாட்களில் ஒன்று டிசம்பர் 10, மனித உரிமை நாள். இதைவிடத் தோதான தேதி கிடையாது. வார்டில் இருக்கிற ஆலயங்களில் இருந்தும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு, எரியாத தெருவிளக்கு, அடைத்த ஓடை, தோண்டிப் போட்ட சாலை என்று மூன்று பட்டியல் போட்டுவிட்டால் 20-ம் தேதிக்குள் முடிக்க அவகாசம் இருக்கும். பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டிய பள்ளம்தான் முதலில் மூடப்பட வேண்டியது. 24-ம் தேதி நள்ளிரவில் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள். வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் உள்வாங்கிவிடும். ஜல்லி போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கீத பவனி, தெருத்தெருவாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது, தெரியாதது போல நடிப்பதுதான் நம் வழக்கம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் மட்டும் விலக்கு. இசைக்கருவியும் இதே தடையில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, அதாவது ஸ்பீக்கர் பாக்ஸை அணைத்துவிட்டு டிரம் அடிப்பதும் மீறல்தான். பண்டிகைக்காக நள்ளிரவு 12 வரை, ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல், தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. கவுன்சிலருக்குக் கிடையாது. 'நான் ஸ்டேஷன்ல சொல்லிக்கிறேன்' என்று வாக்குக் கொடுக்கிற கவுன்சிலர் அந்த இளைஞர்களைத்தான் மாட்டிவிடுகிறார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நவம்பர் இறுதியில் எல்லாச் சபைக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எந்தச் சபை எந்த நாள் எந்தத் தெரு என்று ஒரு தாள் எழுதி, நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். தொலைவில் இருக்கிற தெருக்களை மாலை ஆறரைக்கே தொடங்கிவிட வேண்டும். பத்துக்கு மேல் விடுபட்ட வீடுகளில் வெறும் குரலில் பாடட்டும். உண்மையைச் சொன்னால் அதுதான் கேட்க நன்றாகவும் இருக்கும். இரண்டு குழுக்கள் ஒரே முச்சந்தியில் எதிரெதிரே வந்து, யார் பாக்ஸ் சத்தம் பெரிது என்று முட்டிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. அரையாண்டுத் தேர்வும் இதே நாட்களில் நடக்கிறது. அந்தத் தேதிகளையும் தாளில் குறித்துவிடுங்கள்.

கீத பவனி எந்தத் தெருவுக்குப் போகாமல் திரும்புகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடலாம். கிறிஸ்தவத்துக்குள் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, தலித் கிறிஸ்தவர் தெருவைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிற, அல்லது தெருமுனையில் நின்று ஒரு பாட்டோடு முடித்துக்கொள்கிற சபைகள் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் இருக்கிற மாநிலம் இது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதியும் கிடையாது, ஆகவே பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தனி வார்டில் அவர் நிற்கவும் முடியாது. மன்றத்திலும் குரல் இல்லாத, சபைக் கமிட்டியிலும் குரல் இல்லாத தெரு அது. கவுன்சிலர் கீத பவனியோடு ஒரே ஒரு நாள் நடப்பதென்றால் அந்தத் தெருவில் நடக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். டிசம்பரில் மழையும் சீரியல் லைட்டும் ஒன்றாக வருகின்றன. தெருவுக்குக் குறுக்கே நட்சத்திரத் தோரணம் கட்டுகிறவர்கள் மின்கம்பத்திலேயே கம்பியைச் சுற்றி, கம்பத்திலேயே கொக்கி போட்டு எடுப்பார்கள். திருட்டு என்பது ஒருபுறம், ஈரக் கம்பத்தில் ஏறுகிற பையனின் உயிர் மறுபுறம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தால் மீட்டர் வைத்துத் தருவார்கள். அதற்கான செலவைச் சபையும் கவுன்சிலரும் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம். மீட்டருக்கு அடுத்ததாக 30 மில்லியாம்பியர் இ.எல்.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்கட்டும், மின்கசிவு வந்த கணமே இணைப்பைத் துண்டித்துவிடும். தெருவில் ஒயர் ஜாயின்ட்டே இல்லாமல் கட்டுவது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஜாயின்ட்டை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் மூன்று நாள் மழையில் பிசின் விட்டுப் பிரிந்துவிடும். வீட்டுக்குள் நுழைகிற ஒயரைச் சுவருக்கு முன் ஒரு ஜாண் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாதாரண லாரிக்கே 4 மீட்டர் வரை உயரம் அனுமதி. கன்டெய்னர் ஏற்றினால் அதையும் தாண்டும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழிகளில் அந்த வண்டிகள் இரவு முழுக்க ஓடும். 18 அடிக்குக் கீழே தோரணம் கட்டினால் வண்டி இழுத்துக்கொண்டு போகும், ஒயர் சாலையில் விழும். தொய்வையும் கணக்கில் எடுங்கள். மழையில் நனைந்த மூங்கில் சிலாகையும் துணியும் கனம் கூடி, நடுவில் ஒன்றரை அடி இறங்கிவிடும்.

குப்பைக்கு வருவோம். 24 இரவு கறிக்கடைக் கழிவு ஓடைக்குள் விழும், 25-ல் வாழையிலை, பிரியாணி, கேக் டப்பா. அன்று தூய்மைப் பணியாளரைக் கூப்பிடுவது அநியாயம். அவர்களில் பலருக்கும் அது பண்டிகைதான். 24 மாலை குப்பை வண்டி கூடுதலாக ஒரு நடை, கறிக்கடைகளுக்குத் தனி டிரம், கிறிஸ்தவர் அல்லாத பணியாளர்களில் விரும்புகிறவர்களைக் கேட்டு 25-க்கு ஒரு சிறு குழு, 26 அதிகாலை முழுப்படை என்று சுகாதார ஆய்வாளரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். நாள் விட்டு நாள் தண்ணீர் வருகிற வார்டில் முறையை மாற்றி 24 காலையில் விடச் சொன்னால், விருந்தாளி வந்த வீட்டில் குடம் காலியாக நிற்காது.

ஆலயத்தில் பேசச் சொன்னால் மூன்று நிமிடம் போதும். பங்குத்தந்தை, குருவானவர், பாஸ்டர் ஆகியோர் ஒரே ஆள் இல்லை. எந்த ஆலயத்தில் யாரை எப்படி அழைப்பது என்று கேட்டுக்கொண்டு போங்கள். கிறிஸ்துமஸே கொண்டாடாத பெந்தேகோஸ்தே சபைகளும் உண்டு, அங்கே கேக்கோடு போய் நின்றால் இரு தரப்புக்கும் சங்கடம். கட்சித் துண்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள். என்ன பேசுவது என்று தடுமாறுகிறவர்கள் லூக்கா சொல்லும் பிறப்புக் கதையை ஒருமுறை படித்தால் போதும். அது ஓர் அரசாணையில்தான் தொடங்குகிறது. ரோமாபுரிப் பேரரசன் குடிமதிப்பு எடுக்கச் சொல்கிறான், அதற்காக நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஊர் விட்டு ஊர் போகிறாள், அங்கே சத்திரத்தில் இடமில்லை. வாரிசுச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அலைகிற மக்களின் பிரதிநிதிக்கு இதைவிட நெருக்கமான கதை வேறு எங்கே இருக்கிறது?

இந்தக் கடற்கரையில் டிசம்பர் வெறும் கொண்டாட்ட மாதம் அல்ல. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் நட்சத்திரம் தொங்காத ஆண்டுகள் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தூத்துக்குடியின் பல தெருக்கள் முங்கின, ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். 2004-ல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை கொளத்தூரில் இருப்பவருக்கு 26-ம் தேதி இன்னொரு நாள், குமரிக் கடற்கரைக் குளச்சலில் இருப்பவருக்கு நினைவு நாள்.

அன்று காலை மக்கள் மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்கும் நினைவுத்தூண்களுக்கும் போவார்கள். பலர் செருப்பில்லாமல் நடப்பார்கள். 25 இரவு அதே சாலையில்தான் பாட்டில் உடைந்திருக்கும். மற்ற தெருக்களின் குப்பை பத்து மணி வரை கிடந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு சாலையின் கண்ணாடித் துண்டுகளை ஐந்தரை மணிக்குள் கூட்டி அள்ளிவிடச் சொல்லுங்கள்.