அண்டாகாகசம் எங்கள் ஊர்ச் சரக்கு

கடை ஷட்டரைத் தூக்கும்போது, மறந்துபோன பாஸ்வேர்டைப் போனில் அடித்துப் பார்க்கும்போது 'அண்டாகாகசம்... திறந்திடு சீசே' என்று ஒரு தடவையாவது சொல்லாத தமிழர் குறைவு. அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோ. 1956-ல் டி.ஆர்.சுந்தரம் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். மாம்பழம், வெள்ளிக் கொலுசு என்று பெருமை பேசும் நம் ஊர்க்காரர்கள் இந்த மந்திரத்தை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

'அர்த்தமில்லாத உளறல், நல்ல தமிழில் எழுதியிருக்கலாமே' என்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மூலக்கதையில் அது 'எள்ளே, திற!' அவ்வளவுதான். சிரியாவின் அலெப்போவிலிருந்து பாரீசுக்குப் போன ஹன்னா தியாப் 1709-ல் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிய கதை. ஏன் எள்? முற்றிக் காய்ந்த எள்ளுக்காய் தானாக வெடித்துத் திறந்துகொள்ளும், அதனால்தான் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. நம் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் வெடிப்பதற்குள் செடியை அறுத்தாக வேண்டும், இல்லையென்றால் எள்ளு மண்ணுக்குத்தான். சரி, பொருத்தமான சொல்லே. ஆனால் படத்தில் 'எள்ளே திற' என்று வைத்திருந்தால் குகையா ஞாபகம் வரும்? செக்கும் நல்லெண்ணெயும்தான் வரும்.

'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப' என்கிறது தொல்காப்பியம். ஆணையும் வேண்டும், மறைவும் வேண்டும். 'திறந்திடு' ஆணை. 'அண்டாகாகசம்' மறைமொழி. இதைவிடக் கச்சிதமாக எப்படி எழுதுவது? (நிறைமொழி மாந்தர், அதாவது சொன்ன சொல் பலிக்கும் பெரியோர், எங்கே என்று கேட்காதீர்கள், சொன்னவன் திருடர் தலைவன்.)

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். வசியம், செய்வினை நீக்கம், தீராத நோய் தீரும் என்று ஒட்டப்படும் நோட்டீசுகளுக்கும் 'மாந்திரீகம்' என்று கௌரவமான பெயர் கொடுக்கிறோமே, அங்கே. மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த நோட்டீஸ் வேலையைச் சொல்ல 'மோசடி' என்ற சொல் போதும், மந்திரத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

அப்புறம், ஒரு கோரிக்கை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. போகிற வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை வைத்து 'அண்டாகாகசம்... திறந்திடு சீசே' என்ற ஒரு வரியை எழுதிப் போட்டால் என்ன செலவாகிவிடப் போகிறது?