இன்ஜின் ஸ்டார்ட் ஆயிட்டா ஸ்வாப் முடிஞ்சுடுச்சா?

“எல்லாம் சுசுகிதான் ண்ணா, அப்படியே உக்காந்துடும். ரெண்டு நாள் வேலை.”

பழைய மாருதி எஸ்டீம் கார்ல, அந்தக் கால பலேனோ செடானோட 1.6 லிட்டர் இன்ஜினை மாத்திப் போடணும்னு (இதைத்தான் ஸ்வாப்னு சொல்றாங்க) வேலூர் சுத்துவட்டாரத்துல கேட்டுப் பாருங்க. காட்பாடி, சத்துவாச்சாரி, வாலாஜா, ஆம்பூர்னு எங்கே கேட்டாலும் இந்தப் பேச்சு காதுல விழும். மூணாவது நாள் சாயங்காலம் இன்ஜின் உறுமற வீடியோ வாட்ஸ்அப்ல வரும். மறுநாள் சாவி கையில. பட்டறைக்கு வேலை முடிஞ்சுது, வண்டிக்காரருக்கு அன்னிக்குத்தான் ஆரம்பம்!

ஸ்டார்ட் ஆகறது இந்த வேலையில பாதி கூட இல்லைங்க. பெட்ரோலும் ஸ்பார்க்கும் நேரத்துக்குக் கிடைச்சா இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், தரையில ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாலும் ஆகும். அந்த வண்டி மே மாசம் மத்தியானம் ஏசி போட்டுக்கிட்டு கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னு, ஹைவேல ஏறி, வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் காலையில ஒரே சாவித் திருப்புல எழுந்திருக்கணும். அது வரைக்கும் வேலை பாக்கி இருக்குன்னுதான் அர்த்தம்.

இந்த ஸ்வாப்பே தப்புன்னு சொல்ல வரலை. அருமையான ஜோடி அது. எஸ்டீம் ஜப்பான்ல சுசுகி கல்டஸ்ங்கற பேர்ல ஓடின வண்டி. எடை 900 கிலோவுக்குள்ள. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல பந்தயம் ஓடின பாடி அது. அதோட சொந்த இன்ஜின் 1298 சிசி. கார்புரேட்டர் மாடலுக்கு 65 குதிரைத்திறன், பின்னாடி வந்த எம்பிஎஃப்ஐக்கு (இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீய்ச்சற மாடல்) 85. பலேனோவோட ஜி16பி 1590 சிசி, 94 குதிரைத்திறன். வெறும் 9 தானே கூடுதுன்னு நினைக்காதீங்க. போர், அதாவது சிலிண்டரோட அகலம், 74 மில்லிமீட்டர்லேர்ந்து 75 ஆகுது; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம், 75.5-லேர்ந்து 90 ஆகுது. அந்த ஸ்ட்ரோக்லதான் இழுவை இருக்கு. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வித்தியாசம் காலுக்கே தெரியும். இப்படிப்பட்ட ஒண்ணை அரைகுறையா செஞ்சு கெடுக்கறதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியுது.

“அப்படியே உக்காந்துடும்”ங்கறதுல எவ்வளவு உண்மை? கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகும். அவ்வளவுதான். ஸ்ட்ரோக் நீளம்னா பிளாக்கும் உயரம். பிளாக் உயரம்னா ஹெட் மேல போகுது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல போகுது, டவுன்பைப் எட்டாது, ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடும், பானெட் இடிக்கும். இதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி என்ன தெரியுமா? மவுண்ட்டை (இன்ஜினைத் தாங்கற பிடி) வெட்டி, இன்ஜினையே கீழே இறக்கி வெல்டிங் அடிக்கறது! பானெட் மூடிடும், வீடியோவும் அழகா வரும். ஆனா இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி, அதான் சம்ப், தரையைப் பார்த்துத் தொங்குது. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணு போதும், சம்ப் உடைஞ்சு ஆயில் ரோட்டுல ஊத்த.

சம்ப் கூடப் போகட்டும், கண்ணுக்குத் தெரியற இடம். கியர்பாக்ஸ்லேர்ந்து சக்கரத்தைச் சுத்தற டிரைவ் ஷாஃப்ட்டை யார் பார்க்கறாங்க? இன்ஜின் இறங்கினாலும் கோணினாலும் ஷாஃப்ட்டோட கோணம் மாறுது. உள் ஜாயின்ட் ஒரு பக்கம் முட்டி நிக்கும், மறுபக்கம் வெளியே வர்ற நிலைமையில இருக்கும். நேரா ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, சக்கரம் பள்ளத்துல இறங்கற அந்த நேரத்துலதான் ஜாயின்ட் கழண்டுக்கும். வண்டியை ஜாக்கில இல்லாம நாலு சக்கரத்துல தரையில நிறுத்தி, ரெண்டு ஷாஃப்ட்டும் உள்ளேயும் வெளியேயும் சில மில்லிமீட்டர் நகருதான்னு கையால தள்ளிப் பார்க்கணும். மவுண்ட் போல்ட்டு எல்லாத்தையும் முதல்ல லூஸா விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, அது தானா உக்கார்ற இடத்துல டைட் பண்ணணும். அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யாம, ஓட்டை சேரலைன்னு கடப்பாரை போட்டு நெம்பி போல்ட்டை ஏத்தறாங்க. மவுண்ட் ரப்பர் கிடைக்கலைன்னு லாரி டயரை வெட்டி வைக்கறாங்க, இல்லைன்னா இரும்பையே வைக்கறாங்க. அந்த அதிர்வு பாடிக்குப் போய், டேஷ்போர்டு ஸ்க்ரூ வரைக்கும் கழட்டி விடும்.

வெல்டிங்னு சொன்னதும் இன்னொண்ணு. பேட்டரி நெகட்டிவையும், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டி) கனெக்டரையும் கழட்டாம வண்டி மேல வெல்டிங் வைக்கவே கூடாது. ஈசியூ செத்துப்போனா, “நீங்க கொண்டாந்த ஈசியூ கம்ப்ளெயின்ட் சார்”னு வண்டிக்காரர் தலையில கட்டறது எந்த நியாயம்?

சரி, ஈசியூவுக்கு வருவோம். சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்ல கழட்டின இன்ஜின் வாங்கும்போது வெறும் இன்ஜினை வாங்கிட்டு வந்துடறாங்க. ஒயரிங் ஹார்னஸ், ஈசியூ, சென்சார் எல்லாம் அதே வண்டியில இருந்து முழுசா வரணும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லைன்னா இன்ஜினை ஓடவிடாத பூட்டு) இருக்கற மாடலா இருந்தா சாவியும் ரிசீவரும் கூட வரணும். அது இல்லாம பழைய 1.3 ஈசியூவையே வெச்சு ஓட்டினா என்ன நடக்கும்? அந்தப் பெட்டிக்கு இன்ஜின் பெரிசானது தெரியாது. 1298 சிசிக்கு அளந்த பெட்ரோலைத்தான் 1590 சிசிக்கு ஊத்தும். இன்ஜெக்டரும் பழசுன்னா தேவையில 18 சதவீதம் பெட்ரோல் குறைவு. மெதுவா போகும்போது ஆக்சிஜன் சென்சார் கொஞ்சம் சமாளிச்சு சேர்த்துவிடும். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா அந்தத் திருத்தமே கிடையாது. பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமாகி (லீன்), சிலிண்டருக்குள்ள தட்டற சத்தத்தோட நாக்கிங் அடிச்சு, சூடேறி, பிஸ்டன் வரைக்கும் போயிடும். செக் இன்ஜின் லைட் எரிஞ்சா? பல்பையே கழட்டிடறாங்க! இதைச் செய்யற கை ஸ்பேனர் பிடிக்கவே கூடாது.

ஒயரை முறுக்கி கருப்பு டேப் சுத்தற பழக்கம் எப்போ ஒழியும்னு தெரியலை. வேலூர் வெயில்ல பானெட்டுக்குள்ள டேப் பசை உருகி வழிஞ்சுடும், முறுக்கு லூஸ் ஆகும், ஓடற வண்டி திடீர்னு நிக்கும். ஒயர் முனையை கிளிப் வெச்சு அழுத்தி (க்ரிம்ப்), சூட்டுல சுருங்கற ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு, கிராங்க் சென்சார் ஒயரை அதோட ஷீல்டோட கொண்டுபோகணும். எர்த் கேபிள் இன்னும் மோசம். பேட்டரியிலேர்ந்து பாடிக்கு ஒண்ணு, கியர்பாக்ஸுக்கோ பிளாக்குக்கோ தடிமனா ஒண்ணு, ரெண்டும் கட்டாயம். ரெண்டாவதை மறந்துட்டா ஸ்டார்டரோட கரன்ட் முழுக்க கிளட்ச் கேபிள் வழியாவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாவும் திரும்பும். கேபிள் உள்ளேயே உருகி இறுகிப்போகும். அப்புறம் “கேபிள் குவாலிட்டி சரியில்ல”ன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. மல்டிமீட்டர் எடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. 0.2-க்கு மேல காட்டினா எர்த் சரியில்லை. இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?

கார்புரேட்டர் எஸ்டீம்ல போடறவங்களுக்குத் தனியா ஒரு ஆபத்து இருக்கு. பழைய பெட்ரோல் லைன் கிட்டத்தட்ட 0.3 பார் அழுத்தத்துக்குன்னு இருந்தது. இன்ஜெக்ஷனுக்கு 2.5 பாருக்கு மேல வேணும். எம்பிஎஃப்ஐ டேங்க், உள்ளே மூழ்கின பம்ப், ரிட்டர்ன் லைன், ஜே30ஆர்9 குறி போட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ், அதுக்கான கிளாம்ப் எல்லாம் மாறணும். சாதாரண பெட்ரோல் ட்யூபைப் போட்டு ஒயர் கட்டி விடறதைப் பார்க்கும்போது கோபத்தை விட பயம்தான் அதிகமா வருது. சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் பீய்ச்சி அடிச்சா வண்டியில இருக்கற குழந்தைங்களுக்கு யார் பதில் சொல்றது?

இப்போ கூலிங். வெயில் காலத்துல 40 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டற ஊர் இது. வண்டி சூடாகுதுன்னு திரும்பப் போனா முதல் வைத்தியம், “தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டேன் ண்ணா, இனிமே சூடாகாது.” எவ்வளவு காலமா இந்த முட்டாள்தனம் ஓடிக்கிட்டிருக்கு! இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வெக்கற வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லைன்னா காலையில இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரம் ஆகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்குன்னு ஈசியூ பெட்ரோலை அதிகமா ஊத்தும், அது ஆயில்ல கலக்கும், மைலேஜும் போகும். சில இன்ஜின்கள்ல பைபாஸ் (ரேடியேட்டரைத் தவிர்த்துப் போற சின்ன வழி) திறந்தே இருக்கறதால தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தும், சூடு இன்னும் கூடும். நிஜமான காரணம் வேற இடத்துல இருக்கும்: 1.3-க்கான ரேடியேட்டரே இன்னும் இருக்கறது, ஃபேன் ரிலே இல்லாம நேரடி ஒயர்ல ஓடறது, ரேடியேட்டர் மூடியோட ஸ்பிரிங் செத்துப்போனது, இல்லைன்னா சிஸ்டத்துல காத்து நிக்கறது. காத்தை எடுக்கணும்னா மூக்குப் பக்கத்தை உசத்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, மூடி திறந்த நிலையில ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் கூடவே நின்னு தண்ணி விட்டுக்கிட்டு இருக்கணும். யாரு நிக்கறா?

அதுல ஊத்தற தண்ணியைப் பத்தியும் சொல்லணும். பாலாத்துப் படுகையில நிலத்தடி நீர் எப்படி இருக்குன்னு இங்க வாழறவங்களுக்குத் தெரியாததா? தோல் கழிவு கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-லயே தீர்ப்பு வந்த மண் இது. அந்த உப்பு போர்வெல் தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு அலுமினிய இன்ஜினுக்குள்ள ஊத்தறாங்க. ஹெட் அரிக்கும், வாட்டர் பம்ப் அரிக்கும், ரேடியேட்டர் ட்யூப் உப்பு படிஞ்சு அடைக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. மொத்தச் செலவுல இது ஒரு காசுக்குப் பெறாது.

இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்யாத வேலை எல்லாம் பின்னாடி ரெட்டைச் செலவு. புதுப்பேட்டை இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடினதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்னாடி பின்னாடி கிராங்க் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாத்தையும் கேள்வி கேட்காம மாத்திடணும். வாங்கறதுக்கு முன்னாடியே கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல எவ்வளவு அழுத்தம் வருதுன்னு பார்க்கறது) பண்ணணும்: நாலு பிளக்கும் கழட்டி, த்ராட்டில் முழுசா திறந்து. நாலு சிலிண்டருக்குள்ள சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல அழுத்த வித்தியாசம் இருந்தா அந்த இன்ஜின் வேண்டாம். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக் இல்லாம ஆயில் லைட் அணையற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும். பின் சீல் கசிஞ்சா, சில நூறு ரூபா சாமானுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கணும், அந்தக் கூலியும் வண்டிக்காரர்கிட்டதான்!

பிரேக்கை யாருமே பேசறதில்லை. பழைய பிரேக் ஆயில் ஈரம் குடிச்சு வெச்சிருக்கும். ஏலகிரி இறக்கத்துல அது கொதிச்சா பெடல் தரையைத் தொடும். வேகம் கூட்டற வேலைக்குக் காசு வாங்கறவங்க, நிறுத்தற வேலையைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும்.

எல்லாத்துக்கும் மேல ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலேர்ந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும். அதே ரக இன்ஜினை முன் அனுமதியோட மாத்தி ஆர்சியில ஏத்தறது வேற, 1298 சிசி வண்டியில 1590-ஐப் போட்டு ரோட்டுல ஓட்டறது வேற. எஸ்டீம் உற்பத்தி 2007-லயே நின்னுபோச்சு. அதனால இப்போ இருக்கற எல்லா எஸ்டீமும் 15 வருஷம் தாண்டினவை, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 2022-லயே கட்டணம் 600-லேர்ந்து 5000 ஆச்சு. அப்போ ஆர்டிஓ ஆபீஸ்ல இன்ஜின் நம்பர் பார்ப்பாங்க. விபத்துன்னா இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார். டிராக்குக்கு மட்டும்னு கட்டற வண்டின்னா வேற கதை. ரோட்டுல ஓட்டப்போற மனுஷன்கிட்ட இதை அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டாமா? “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்”னு சொல்றவர் அன்னிக்கு ஆர்டிஓ ஆபீஸுக்குக் கூட வரமாட்டார்.

ஆகவே வண்டி கொடுத்தவங்களே, வீடியோவைப் பார்த்து மயங்காதீங்க. மெக்கானிக்கைப் பக்கத்து சீட்ல உக்காரவெச்சு, மத்தியானம் ஏசியோட அரை மணி நேரம் ஐட்லிங்ல நிறுத்துங்க. பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்புங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க. சூடா இருக்கும்போதே அணைச்சு, பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அடியில அட்டை விரிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. அட்டையில ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும், டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினாலும், செக் இன்ஜின் பல்ப் சாவி திருப்பும்போது எரிஞ்சு அணையலைன்னாலும் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீங்க.