அந்த 60% நொடிக்கு நொடி கணக்கு இல்லை

"2030 முதல் கலிஃபோர்னியாவில் எப்போது சுவிட்சைப் போட்டாலும் 60% பசுமை மின்சாரம்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2018-இல் வந்த எஸ்பி 100 என்ற அந்த மாநிலச் சட்டம் கேட்பது வேறு. மின் நிறுவனம் நுகர்வோருக்கு விற்ற மொத்த யூனிட்டில் 60 சதவீதத்துக்குப் பசுமை மின்சாரச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒரு மெகாவாட்-மணி, அதாவது 1,000 யூனிட் பசுமை மின்சார உற்பத்திக்கு ஒரு சான்றிதழ். கணக்கு பார்ப்பது மூன்றாண்டுத் தவணையில் (2028–2030 ஒரு தவணை). அதனால் நண்பகல் சூரிய மின்சாரத்தின் சான்றிதழே, இரவில் எரிவாயு நிலையம் தந்த யூனிட்டுக்கும் ஈடாகிவிடும். ஒருமுறை காட்டிய சான்றிதழ் அத்தோடு காலாவதி. மறுபடி விற்க முடியாது.

அணுமின்சாரமும் 30 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களும் பொதுவாக இந்த 60 சதவீதத்தில் சேராது. இதை அதே சட்டத்தில் உள்ள 2045-க்கான 100% இலக்கோடு போட்டுக் குழப்பித்தான் பாதிச் சண்டையே நடக்கிறது. கார்பன் வெளியிடாத மற்ற மின்சாரத்துக்கும் இடமுண்டு என்பது அந்த இலக்கில்தான்.