"பரவாயில்லைங்க டொக்டர்"

"இப்ப எப்படிம்மா இருக்கு?" "பரவாயில்லைங்க டொக்டர்."

மலையகத்தில் ஆஸ்துமாக்காரரின் மாதக் கிளினிக் பல வேளை இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. போன மாதம் எழுதிய அதே மருந்து, அதே அளவு. வரிசை நீளம், டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நம்மவருக்கோ குறை சொல்லக் கூச்சம். அதனால்தான் சொல்கிறேன், வாங்கில் காத்திருக்கும்போதே தமிழில் ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுங்கள். தமிழ்த் தாளிலும் சிங்களத் தாளிலும் கேள்வி எண்ணும் புள்ளியும் ஒன்றாக இருந்தால், போட்ட வட்டத்தைப் பார்க்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட கருவி ஆஸ்துமா கன்ட்ரோல் டெஸ்ட். 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 25. கேட்பது கடந்த 4 வாரத்தைப் பற்றி. மாதக் கிளினிக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிதான். 20ம் அதற்கு மேலும் என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 16 முதல் 19 வரை போதாது. 15ம் அதற்குக் கீழும் மோசம்.

தாள் தடுமாறும் இடங்களும் உண்டு. முதல் கேள்வி, மூச்சுப் பிரச்சினையால் வேலை எவ்வளவு தடைப்பட்டது என்பது. செங்குத்து மலையை விட்டுத் தட்டையான இடத்துக்கு மாறிக்கொண்டவர், அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, வீட்டுக்கு வந்துவிடுபவர், "தடையே இல்லை" என்று வட்டம் போடுவார். வேலையைக் குறைத்துக்கொண்டால் மூச்சு வாங்காதுதானே! தாளை வாங்குபவர் பக்கத்திலேயே கேட்க வேண்டும்: இந்த மாதம் எத்தனை அரைப் பேர்? கொழுந்தைச் சுமந்துகொண்டு நிற்காமல் ஏற முடிகிறதா? ஆனால் அச்சடித்த கேள்வியைத் திருத்தி எழுதாதீர்கள். அந்த 20, 15 என்ற கோடுகள் மூலக் கேள்விக்கே பொருந்தும்.

இரவில் விழிப்பதைப் பற்றிய கேள்வியில் நம்மவர் இழுப்பை மட்டும்தான் எண்ணுகிறார்கள். விடியற்காலை எழுப்பும் இருமலும் நெஞ்சு இறுக்கமும் அதில் சேரும்.

அதிகம் பிழை விடுவது நாலாவது கேள்வியில்தான். அவசரத்துக்கு அடிக்கும் சல்பியூட்டமோல் பம்ப் எத்தனை தடவை? தோட்ட டிஸ்பென்சரியில் வைத்த நெபுலைசரும் கணக்கு. அதை யாரும் எண்ணுவதில்லை. சல்பியூட்டமோல் மாத்திரை அந்தக் கேள்வியில் வராது, ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பம்பையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பம்பில் 200 தடவை மருந்து. ஒரு மாதத்தில் அது தீர்ந்தால் நாளுக்கு 6க்கு மேல். தாளில் "வாரம் ஒரு தடவை" என்று இருந்தால், ஒரே பம்பை வீட்டில் இரண்டு பேர் அடிக்கிறார்கள், அல்லது வட்டம் தவறு. வருடத்துக்கு 3 பம்ப்பு அல்லது அதற்கு மேல் தீர்ப்பவருக்குத் திடீர்த் தாக்குதல் வரும் ஆபத்து கூடுதல்.

படிக்கத் தெரியாத பெரியவருக்கு வாசித்துக் காட்டுபவர் கேள்வியை அப்படியே வாசிக்கட்டும். "இரவில நல்லாத் தூங்குறீங்கதானே?" என்று கேட்டால் விடையும் நீங்களே போட்டமாதிரி. 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வேறு தாள்: 7 கேள்வி, மொத்தம் 27. முதல் நாலையும் முகப்படம் பார்த்துப் பிள்ளையே போட வேண்டும். தாய் திருத்தக் கூடாது.

24 வாங்கியவரை அப்படியே அனுப்பிவிடுவதுதான் எனக்கு மிகப் பயம். கடந்த வருடத்தில் வார்டில் படுத்தாரா, தாக்குதலுக்குக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மாத்திரையான பிரெட்னிசொலோன் குடித்தாரா என்று இந்தத் தாள் கேட்பதே இல்லை. அடுத்த தாக்குதலுக்கு அதுதான் பெரிய அறிகுறி. தனியாகக் கேட்டு எழுதுங்கள். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காக நின்ற வயதான அம்மாவுக்கு இருப்பது ஆஸ்துமாவே இல்லாமல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். அவருக்கு இந்தப் புள்ளி பொருந்தாது.

19ம் கீழும் வந்தால் மருந்தைக் கூட்டுமுன் பம்பை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரே பம்ப்பென்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அமுக்கி, 10 விநாடி பிடிக்க வேண்டும். கெப்சியூல் போடும் கருவிக்கு நேர்மாறு, வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர் மாற்றிச் செய்வார். பிறகு தாக்குதல் வராமல் தடுக்கும் பெக்லோமெதசோன் மருந்தைத் தினமும் எடுக்கிறாரா, "நல்லாயிருக்கு" என்று நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். வீட்டுப் புகை, ஃபெக்டரித் தேயிலைத் தூசி, மூக்கடைப்பு இவையும் பட்டியலில் உண்டு.

கிளினிக் கொப்பியில் திகதியும் மொத்தப் புள்ளியும் ஒரே பக்கத்தில் கீழ்க்கீழாக வரட்டும். 3 புள்ளி இறங்கியிருந்தால், 20க்கு மேலேயே இருந்தாலும், அன்று அவரிடம் இன்னும் நாலு வார்த்தை பேசுங்கள்.